எழுந்து நிற்க முடியாத கோழி

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றவை சிதறி ஓட, ஒன்று மட்டும் இறக்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே தவிக்கும். வளர்ப்பவர் உடனே காலைப் பிடித்துப் பார்ப்பார்: முள் குத்தியதா, எலும்பு முறிந்ததா என்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோழியின் காலுக்குச் செல்லும் நரம்புப் பின்னல், இடுப்பெலும்பின் குழிகளில் பதிந்திருக்கும் சிறுநீரகத்தை ஊடுருவிக்கொண்டு போகிறது. சிறுநீரகம் வீங்கினாலோ, அங்கே கட்டி வளர்ந்தாலோ, முட்டை இறங்காமல் அடைத்துக்கொண்டு அந்த நரம்புகளை அழுத்தினாலோ கோழி நொண்டும். காலில் ஒரு கீறல்கூட இருக்காது.

முட்டையிடும் பெட்டை திடீரென்று படுத்துவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கால்சியத்தை. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. அப்போது தீனி எடுக்காததால், கால் எலும்புகளுக்குள் சேர்த்து வைத்ததையும் கரைத்துத்தான் கோழி ஓட்டைக் கட்டுகிறது. சேமிப்பு தீர்ந்தால் தசை சுருங்கத் தேவையான கால்சியமும் இரத்தத்தில் குறைந்து, கால் தளர்ந்துவிடும். 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை ஒன்றை நுணுக்கி ஈரத் தீனியில் பிசைந்து கொடுத்து, வெயில் படாத இடத்தில் அமைதியாக வைத்தால், இந்தக் காரணத்தால் விழுந்த கோழி பெரும்பாலும் விரைவில் தேறும். பிறகு கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் எப்போதும் வையுங்கள். தேவையான அளவை அதுவே கொத்திக்கொள்ளும். அதற்காக முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கும் சேவலுக்கும் போடக் கூடாது. அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். அவற்றுக்குச் சுமார் 1 சதவீதமே போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுக்கும், யூரிக் அமிலம் உப்பாகப் படியும், மீண்டும் நொண்டல்தான்.

ஒரு கால் முன்னாலும் மற்றொன்று பின்னாலும் நீட்டியபடி கிடந்தால் அது மேரக் நோயாக இருக்கலாம். 1907-இல் ஹங்கேரியின் கால்நடை மருத்துவர் யோசெப் மேரக் விவரித்த நோய் இது. ஹெர்பிஸ் வகை வைரஸ் கால் நரம்பைத் தடிக்க வைக்கிறது. இறகின் பொடியோடு காற்றில் பரவுகிறது. பொரித்த அன்றே தடுப்பூசி போட வேண்டும். அதுவும் இந்த நோயால் வரும் கட்டிகளையும் கால் முடக்கத்தையும் தடுக்குமே தவிர, வைரஸ் உடலில் புகுவதைத் தடுக்காது. வந்த பிறகு மருந்து இல்லை. சில கோழிகள் ஒரு கால் முடங்கியபடியே நாள் கடத்துகின்றன.

இரண்டு வாரக் குஞ்சு விரல்களை உள்ளே சுருட்டிக்கொண்டு முட்டியால் தவழ்ந்தால் அது ரிபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் பற்றாக்குறை. குஞ்சுத் தீவனத்தில் கிலோவுக்கு 3.6 மில்லிகிராம் அளவுக்கு அது வேண்டும். குருணையும் கம்பும் மட்டும் போட்டால் எட்டாது. பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைப் புட்டியில் குறித்த அளவில் தண்ணீரில் கலந்து, கூடவே தயிர், வேகவைத்த ஈரல் கொடுக்கலாம். தொடக்கத்திலேயே கொடுத்தால் விரல் நிமிரும். நாளானால் நரம்பே சிதைந்துவிடும், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் திரும்பாது. இந்த வைட்டமினை வெளிச்சம் அழிக்கும். மருந்து கலந்த தண்ணீரை வெயிலில் வைக்காதீர்கள்.

பொரித்த ஓரிரு நாளில் கால்கள் இரண்டு பக்கமும் வழுக்கி விரிந்து போகும் குஞ்சுகளைக் காப்பாற்றுவது எளிது, அவகாசம்தான் குறைவு. பெரும்பாலும் காரணம் அட்டைப்பெட்டியில் விரித்த செய்தித்தாள். அந்த வழவழப்பில் கால் பிடிப்பதில்லை. முதலில் அதை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான சாக்கையோ துண்டையோ விரியுங்கள். காயத்துக்கு ஒட்டும் சிறு பிளாஸ்திரியை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். நடுவிலுள்ள பஞ்சுப் பகுதி இரண்டு கால்களுக்கும் இடையில் வரட்டும். ஒட்டும் முனைகளை முட்டிக்குக் கீழே, பாதத்துக்கு மேலே சுற்றி ஒட்டுங்கள். இடைவெளி சுமார் 2.5 சென்டிமீட்டர். நெருக்கிக் கட்டினால் குஞ்சு குப்புற விழும். இறுக்கிக் கட்டினால் பாதம் வீங்கி நிறம் மாறும். குஞ்சு வேகமாக வளர்வதால் தினமும் அவிழ்த்துப் பார்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும். எலும்பு இளகியிருக்கும் முதல் வாரத்துக்குள் செய்தால் மூன்று முதல் ஐந்து நாளில் கால் நேராகிவிடும். கால் கட்டிய குஞ்சு தண்ணீர்த் தட்டில் விழுந்தால் எழாது. தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள்.

கனமான சேவல்களுக்கு உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு வரும் வீக்கத்தைப் பிதுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. பிதுக்காதீர்கள். மனிதச் சீழைக் கரைத்து நீராக்கும் நொதி, பறவையின் வெள்ளணுக்களில் இல்லை. அதன் சீழ் பாலாடைக்கட்டிபோல இறுகியிருக்கும், வழியாது. பிதுக்கினால் கிருமி ஆழத்துக்குத்தான் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்புக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, பொவிடோன் அயோடின் தடவி, பஞ்சு வைத்துக் கட்டுங்கள். கட்டியை அறுத்தெடுப்பது மருத்துவர் வேலை. சேவல் ஏறி உட்காரும் கொம்பைத் தாழ்த்தாவிட்டால், குதிக்கும்போதெல்லாம் அடிபட்டுத் திரும்ப வரும்.

கால் திரும்பவே போவதில்லை என்று ஆகிவிட்ட கோழிக்கு உண்மையான எதிரி உட்கார்ந்தே இருப்பதுதான். உடல் எடை முழுவதும் நெஞ்செலும்பின் விளிம்பில் இறங்கும். அங்கே தோலுக்கடியில் சதை இல்லை, சீக்கிரமே புண் வரும். தலையில் சுமை வைக்கப் பழந்துணியைச் சுருட்டிச் செய்வோமே, அந்தச் சும்மாடு இதற்கு மிகப் பொருத்தம். நெஞ்செலும்பு நடுப்பள்ளத்தில் எங்கும் தொடாமல் இருக்க, பக்கங்கள் எடையைத் தாங்கும். அதற்கடியில் நான்கு விரற்கடை உமி. நனைந்த உமியில் எச்சம் அம்மோனியாவாக மாறிக் கண்ணையும் தோலையும் எரிக்கும். காலையும் மாலையும் மாற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி உட்கார வையுங்கள்.

பின்புறம்தான் ஆபத்தான இடம். எச்சம் ஒட்டிய இறகில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மறுநாள் சதைக்குள் இறங்கியிருக்கும். எச்சவாயைச் சுற்றிய இறகுகளைக் கத்தரித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள்கூட இதைத் தள்ளிப்போட முடியாது.

ஒன்றரைக் கிலோ கோழி ஒரு நாளில் 80 முதல் 100 கிராம் தின்று, அதைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டினால் எட்டும் இடத்தில், கவிழாத மண்சட்டியில் வையுங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நிழலுக்கு நகரவும் முடியாத கோழியைச் சித்திரை வெயிலில் விட்டால் சில மணி நேரம் தாங்காது.

விடியற்காலையில் கழுத்தடியைத் தொட்டுப் பாருங்கள். தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். நேற்றைய தீனி அப்படியே இருந்தால் செரிமானம் நின்றிருக்கிறது. அதே நேரத்தில் தராசில் வைத்து எடையைக் குறித்து வையுங்கள். கோழி நோயை மறைக்கும். இறகுக்கடியில் மெலிவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கால் தசை வற்றாமலிருக்கத் துணித் தொட்டில் உதவும். பருத்தித் துணியில் கால்களுக்கு இரண்டு ஓட்டை, எச்சம் விழப் பின்பக்கம் ஒரு பிளவு. பாதம் தரையில் படியும் உயரத்தில் கட்டி, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், நாளுக்கு இரண்டு தடவை. துணி நெஞ்சை இறுக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு தடையில்லாமல் அசைந்தால்தான் மூச்சு. கையில் பிடிக்கும்போதும் நெஞ்சை அழுத்திப் பிடித்தால் சத்தமில்லாமல் மூச்சுத் திணறிச் சாகும். மருந்து புகட்டுவதிலும் கவனம் வேண்டும். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் வேருக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. சிரிஞ்சால் வாய்க்குள் பீச்சினால் நேராக நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் சொட்டு சொட்டாக விட்டு, அது விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு.

கோழிக்கு வலி தெரியாது என்பது பொய். 2000-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நொண்டும் கறிக்கோழிகள் முன் இரண்டு நிறத் தீவனங்களை வைத்தார்கள். ஒன்றில் மட்டும் வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டியவை அதையே கூடுதலாகத் தின்றன. நொண்டல் கூடக்கூடத் தின்னும் அளவும் கூடியது. ஆனால் நம் மருந்து டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்துக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணியைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2006-இல் தடை செய்தது. பறவைக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். புண் எலும்புவரை இறங்கி, தீனியைத் தானாகத் தொடுவதையும் நிறுத்திவிட்டால், வலியில்லாமல் விடைகொடுக்கவும் அவரிடமே கேளுங்கள்.

தனியே அடைத்து வைத்த கோழி தீனியைக் குறைத்துக்கொள்கிறது. சாதுவான ஒரு பெட்டையை மட்டும் துணைக்கு விடுங்கள். இரத்தம் கசியும் புண் இருந்தால் முதலில் மூடிவிடுங்கள். சிவப்பைக் கண்டால் தோழியும் கொத்தும். காலை இளவெயிலில் உலர்ந்த மணலில் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், கால் வராவிட்டாலும் இறக்கையால் மணலை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். இறகில் பேன் சேராமல் காக்க அதற்குத் தெரிந்த வழி அது. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் திருப்பி விட வேண்டும்.