பேட்ஜைக் கழற்றிவிட்டு வாங்க சிஸ்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீடு. நான் கேட்டைக்கூடத் தாண்டவில்லை, மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், அந்த ஹாஸ்பிஸ் பேட்ஜைக் கழற்றிப் பைக்குள்ள வச்சிருங்க. அப்பாவுக்கு ஒன்னும் தெரியாது." கழற்றினேன். ஹாஸ்பிஸ் என்றால் குணமாகாத நோயில் வலியையும் தவிப்பையும் குறைத்துப் பார்த்துக்கொள்கிற சேவை, நான் அதில் நர்ஸ். உள்ளே போய் ரத்த அழுத்தம் பார்த்து, முதுகில் புண் ஏதும் வந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து முடித்தேன். மகள் டீ போட அடுப்படிக்குப் போனதும் தாத்தா மெல்லக் கேட்டார்: "நீ ஹாஸ்பிஸ்தானேம்மா? எம் மகளுக்குத் தெரிய வேணாம். அது தாங்காது."

(ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

டர்பன் தமிழ் வீடுகளில் இந்தக் கண்ணாமூச்சியை அடிக்கடி பார்க்கிறேன். நோயாளிக்குத் தெரியும், வீட்டுக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நானாகப் போய் எதையும் போட்டு உடைப்பதில்லை. "நீங்க என்ன நினைக்கிறீங்க தாத்தா?" என்று மட்டும் கேட்பேன். அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்தத் தாத்தாவுக்குச் சாவைப் பற்றிப் பயமே இல்லை. ஃபியூனரல் பாலிசி (ஈமச் செலவுக் காப்பீடு) காகிதங்களை எந்த டப்பாவில் வைத்தோம் என்று மகளிடம் சொல்ல வேண்டும், சண்டை போட்டுக்கொண்டு ஜோஹனஸ்பர்க் போன மகனை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நடிப்பை விட்டால்தானே அதைப் பேச முடியும்? அடுத்த வாரம் தாத்தா, பாட்டி, மகள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினோம். அழுதார்கள். அப்புறம் மகன் வந்தான்.

ஹாஸ்பிஸ் என்றதும் நம் ஆட்கள் ஒரு கட்டடத்தைத்தான் நினைக்கிறார்கள். அங்கே போனால் திரும்ப முடியாது என்ற பேச்சு வேறு. உண்மையில் எங்கள் வேலையில் பெரும்பங்கு வீடுகளில்தான். படுக்கை வசதி உள்ள ஹாஸ்பிஸ்களிலும் கட்டில்கள் கொஞ்சம்தான். வலியை ஒரு கட்டுக்குள் கொண்டுவர, அல்லது பார்த்துக்கொள்கிறவர் நாலு நாள் தூங்க, நோயாளியை அங்கே வைத்திருந்துவிட்டு வீட்டுக்கே அனுப்புவார்கள். இந்த முறைக்கு வழி காட்டியவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ், பிறகு மருத்துவ சமூகப் பணியாளர், அதன்பின் டாக்டர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். 1979-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார், அதற்குப் பின்தான் இங்கே ஊர் ஊராக ஹாஸ்பிஸ்கள் வளர்ந்தன. வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் உறவிலும் கடவுளோடு உள்ள கோபத்திலும் இருக்கிறது என்றார் அவர். மகன் வந்துபோன வாரம் தாத்தா வலிமருந்தில் கூடுதல் டோஸ் கேட்கவே இல்லை.

இந்த ஆதரவு தேவைப்படுகிறவர்களில் உலக அளவில் சுமார் 14 விழுக்காட்டினருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நமக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறது, கூப்பிடத்தான் கூச்சம்.

சரி, வலிமருந்தான மார்ஃபினுக்கு வருவோம். பயம் முழுக்க அங்கேதான். "மார்ஃபின் கொடுத்தாங்க, மறுநாளே போயிட்டார்" என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். கடைசி நாள்வரை அதைத் தள்ளிவைத்தால், மறுநாள் போகத்தான் செய்வார். முறையாகக் கொடுத்தால் மாதக்கணக்கில், சிலர் அதைவிட அதிக காலம்கூட, மார்ஃபின் எடுத்துக்கொண்டு கோயிலுக்கும் போய்வருகிறார்கள். வாய்வழி சிரப், கசக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வருவதற்கு முன்பே. வலி வந்தபின் துரத்திப் பிடிப்பது கஷ்டம். குறைந்த அளவில் தொடங்கி, தேவையைப் பார்த்து டாக்டர் ஏற்றுவார். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது, அதனால் முதல் நாளிலிருந்தே கூடவே மலமிளக்கி. வலிக்காக அளவோடு எடுப்பதும் போதைக்கு அடிமையாவதும் வேறு வேறு.

இந்த நாட்டில் மார்ஃபின் ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ளது, பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்க முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டில் காலி என்று போன் பண்ணாதீர்கள், புதன்கிழமையே அளவைப் பாருங்கள். இன்னொன்று, சொல்லக் கசக்கிறது: வீட்டில் 'சுகர்ஸ்' (ஹெராயின் கலந்த தெருப் போதைப்பொருள்) பழக்கம் உள்ள பையன் இருந்தால் எங்களிடம் மறைக்காதீர்கள். திட்ட மாட்டோம். பாட்டிலுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று ஏற்பாடு செய்வோம்.

லோட் ஷெடிங் மோசமாக இருந்த 2022, 2023-இல் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருந்த வீடுகளில் கரன்ட் போகும் நேரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன் ஒன்று வாங்கி வையுங்கள். மூச்சுத் திணறும்போது முகத்தில் காற்றுப் பட்டாலே பலருக்குத் தவிப்புக் குறைகிறது.

கடைசி நாட்களைப் பற்றிக் கேட்க எல்லோருக்கும் பயம், நானே சொல்லிவிடுகிறேன். சாப்பாடு நின்றுபோகும். பட்டினி போட்டதால் சாகவில்லை, உடம்பு மூடிக்கொண்டு வருவதால் பசி போய்விட்டது. கை கால் சில்லிடும், தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், அது கேட்கிற நமக்குத்தான் பெரும் வேதனை. உடம்பை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். பால் ஊற்றுவது நம் வழக்கம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் ஸ்பூனால் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள், எத்தனை பேரப்பிள்ளைகள் இருந்தாலும் எல்லோரும் வைக்கலாம். பேசுங்கள், காது கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். ஐம்பது வருஷம் ஆங்கிலமே பேசிய ஒரு ஆயா, கடைசி வாரத்தில் தமிழில் மட்டும் பேசினார். பேரனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். தண்ணி கேட்டதைவிட அவன் சாப்பிட்டானா என்று கேட்டதுதான் அதிகம்.

வீட்டில் உயிர் போனால் போலீஸ் வருமா என்று கேட்கிறார்கள். நோயாளியைப் பார்த்துவந்த டாக்டர் இருந்து, டிஎச்ஏ-1663 என்ற இறப்பு அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. யாரும் பார்த்திராத நோயாளி என்றால்தான் இழுபறி, தகனம் தள்ளிப்போகும். எங்களை முன்கூட்டியே கூப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தாத்தா மகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார். நாங்கள் கடனாகக் கொடுத்த கட்டிலை எடுக்க வேண்டும், அடுத்த தெருவில் ஒருவர் காத்திருந்தார். மகளிடம் போனில் கேட்டபோது, "பதினாறு முடியட்டும் சிஸ்டர், ஹால் காலியா இருந்தா அம்மா தாங்க மாட்டாங்க" என்றார். வேறொரு கட்டிலைத் தேடிப்பிடித்து அடுத்த தெரு வீட்டுக்கு அனுப்பினோம். பதினேழாம் நாள் நான் போனபோது கட்டில் துடைத்துத் தயாராக இருந்தது. மிச்ச மருந்தையெல்லாம் ஒரு பையில் கட்டி மேலே வைத்திருந்தார். இந்தத் தடவை பேட்ஜோடுதான் உள்ளே போனேன்.