மழையே இல்லாம வேம்பு எப்படி தளிர் விடுது?

மாசி கடைசியில வேப்பமரத்தைப் பாத்தா ஒரு குழப்பம் வரும். கீழ முழுக்க மஞ்சச் சருகு, மேல கிளை நுனியில பளபளன்னு சிவந்த தளிர், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல நடக்குது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோட மூட்டை கட்டிடுச்சு, வெயில் இனிமே தான் ஏறப்போகுது, அடுத்த உருப்படியான மழைக்கு இன்னும் மாசக்கணக்கு இருக்கு. இந்த நேரம் பாத்து புது இலை விடணும்னு எந்த மரத்துக்குத் தோணும்? ஆனா வேம்பு, புங்கம், அரசு எல்லாம் வருஷா வருஷம் இதையே தான் பண்ணுது, சித்திரை ஒண்ணாம் தேதி பச்சடிக்கு வேப்பம்பூவும் தவறாம வந்துடுது. ரொம்ப நாளா ஒரு வரி கூட எழுதாம கிடந்த என்னை திரும்ப உக்கார வச்சதே இந்தக் கேள்வி தான்.

முதல்ல இலை உதிர்றதைப் பாப்போம், ஏன்னா அங்க தான் சூட்சுமம் இருக்கு. இலை நல்லா இருக்குற வரைக்கும் அதுலேர்ந்து ஆக்சின்னு ஒரு ஹார்மோன் காம்பு வழியா கிளைக்குப் போய்க்கிட்டே இருக்கும். இலைக்கு வயசாகும்போது அந்த வரத்து குறையுது, எத்திலீன் வாயு வேலையை ஆரம்பிக்குது, காம்போட அடியில இருக்குற மெல்லிசான ஒரு செல் அடுக்கு பிடியை விட்டுடுது. ஆனா அதுக்கு முன்னாடியே மரம் ஒரு காரியம் பண்ணிடும். பச்சையத்தை உடைச்சு, இலையில இருக்குற நைட்ரஜன், பாஸ்பரஸ்ல பெரும் பங்கை கிளைக்குள்ள திரும்ப இழுத்துக்கும். மஞ்சளா கீழ விழுறது பாதிக்கு மேல காலி பண்ணின வீடு, நாம தான் அதைப் பாத்து "மரம் பட்டுப்போச்சோ"ன்னு பதறுறோம்.

இப்ப தண்ணி. கிழட்டு இலைங்க தங்களோட துளைகளை சரியா மூட முடியாம தண்ணியை ஆவியா விட்டுக்கிட்டே இருக்கும். அதுங்க உதிர்ந்ததும் செலவு டக்குனு நின்னுபோகுது, வேர் ஆழத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா இழுக்குற ஈரம் வெளிய போக வழியில்லாம தண்டுல சேர ஆரம்பிக்குது. மேல ஒரு சொட்டு மழை இல்லாமலே மரத்துக்குள்ள ஈரம் ஏறுது. ரோல்ஃப் போர்ச்சர்ட்னு ஒரு தாவரவியலாளர் கோஸ்டா ரிகாவோட வறண்ட காட்டுல இதை வருஷக்கணக்கா அளந்து பாத்தவர். மரத்துக்கு வறட்சியா இல்லையாங்குறதை வானத்தைப் பாத்து சொல்ல முடியாது, தண்டுக்குள்ள எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாத்து தான் சொல்லணும்னு அவரோட வேலை காட்டுச்சு.

சரி, தண்ணி சேந்தாச்சு, ஆனா ஊர்ல இருக்குற மரமெல்லாம் எப்படி ஏறக்குறைய ஒரே வாரத்துல தளிர் விடுது, அதுவும் வருஷா வருஷம் அதே தேதி சுமாருக்கு? இதுக்கு 2002-ல போர்ச்சர்டும் கில்லெர்மோ ரிவேராவும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு பதில் சொன்னாங்க. கோஸ்டா ரிகா, அர்ஜென்டினா, பிரேசில், ஜாவா, தாய்லாந்துன்னு பல இடத்துல ஐம்பதுக்கு மேற்பட்ட மர வகைகளைப் பாத்ததுல, மழைக்கு பல வாரம் முன்னாடியே, பகலும் இரவும் சமமாகுற நாளையொட்டி தான் மொட்டு உடையுது. பூமத்திய ரேகைக்கு வடக்க மார்ச் வாக்குல நடக்குறது தெற்க ஆறு மாசம் தள்ளி செப்டம்பர் வாக்குல நடக்குது. இத்தனை ஊர்லயும் வருஷம் தவறாம பொதுவா இருக்குறது பகலோட நீளம் மாறுறது மட்டும் தான். பகல் அரை மணி நேரமோ அதுக்கும் கம்மியாவோ கூடினாலே போதும், மரம் கண்டுபிடிச்சிடுதுன்னு அவங்க முடிவுக்கு வந்தாங்க. வருஷத்துக்கு 800 முதல் 1,500 மில்லிமீட்டர் மழை, நாலுலேர்ந்து ஆறு மாசம் வறட்சி, இப்படிப்பட்ட இடத்துல தான் இது அதிகமா நடக்குதாம். நம்ம ஊர் கணக்கும் இதுக்குள்ள தானே வருது.

சென்னையையே எடுத்துக்கோங்க, டிசம்பர்ல பகல் சுமார் 11 மணி 20 நிமிஷம், பிப்ரவரி கடைசியில சுமார் 11 மணி 50 நிமிஷம். நாம கவனிக்கவே மாட்டோம், கரண்ட் பில்லுல கூட தெரியாது. மரம் எப்படி கவனிக்குதுன்னா அதுக்குள்ள ஃபைட்டோக்ரோம்னு ஒரு நிறமி இருக்கு, 1959-ல அமெரிக்காவோட பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்துல அதைப் பிடிச்சாங்க. சிவப்பு ஒளி பட்டா அது ஒரு வடிவத்துக்கு மாறும், ராத்திரி இருட்டுல மெதுவா பழைய வடிவத்துக்குத் திரும்பும். அதோட செடியோட உள் கடிகாரமும் சேந்துக்கிட்டா ராத்திரி எவ்வளவு நீளம்னு கணக்கு வந்துடும். ஆமா, செடி அளக்குறது உண்மையில பகலை இல்ல, இருட்டை. 1938-லயே ஹாம்னர், பானர்னு ரெண்டு பேர் துணியில ஒட்டிக்குற முள்காய் செடி ஒண்ணை வச்சு, நீளமான ராத்திரிக்கு நடுவுல கொஞ்ச நேரம் லைட்டைப் போட்டாலே பூக்குறது நின்னுபோகுதுன்னு காட்டிட்டாங்க. தெருவிளக்குக்குப் பக்கத்துல இருக்குற கிளை மட்டும் இலையை லேட்டா உதிர்க்குறதை நியூயார்க்ல 1936-லயே ஒருத்தர் எழுதி வச்சிருக்கார், நம்ம தெருவுலயும் அண்ணாந்து பாக்கலாம்.

குளிர் நாட்டு மரத்துக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஆப்பிள் மரத்தோட மொட்டு உறங்கப் போகும்போது, வளர்ற நுனிக்கும் மத்த செல்லுக்கும் நடுவுல இருக்குற பொடிப்பொடி வாசலையெல்லாம் கேலோஸ்ங்குற பசை மாதிரி சமாச்சாரம் அடைச்சிடுதுன்னு சொல்றாங்க, பிர்ச், ஆஸ்பென் மரங்கள்ல இதைத் தெளிவா பாத்திருக்காங்க. அப்புறம் நடுவுல ரெண்டு நாள் வெயிலடிச்சா கூட "வளரு"ன்னு வர்ற சேதி உள்ள போகாது. 7 டிகிரிக்குக் கீழ பல நூறு மணி நேரம், பல ரகத்துக்கு ஆயிரம் மணி நேரம் வரைக்கும் குளிர்ல கிடந்தா தான் அந்த அடைப்பு கரையும். ஹிமாச்சல்ல நல்லா காய்க்குற ரகத்தை மொட்டை மாடி தொட்டியில வச்சா ஏன் முழிச்சுக்கிட்டே நிக்குதுன்னா காரணம் இது தான், உரத்தைக் கொட்டி பிரயோஜனமே இல்ல.

இன்னொரு விஷயம், வசந்தத்துல ஆப்பிள் மரத்துல வெடிக்குற பூ எல்லாம் போன கோடையிலயே மொட்டுக்குள்ள உருவாகிட்டது. பெரும்பாலான மொட்டுக்குள்ள இலை ஏற்கெனவே பொடிசா மடிஞ்சு இருக்கும். தளிர் ஒரு வாரத்துல அவ்வளவு பெருசாகுறது, புதுசா செல் உருவாகுறதை விட இருக்குற செல்லு தண்ணி குடிச்சு உப்புறதால தான். செல் சுவர் கொஞ்சம் அமிலமாகி இளகும், உள்ள தண்ணி அழுத்தும், சுவர் விரியும், அவ்வளவு தான். அந்தச் சிவப்பு நிறம் ஆந்தோசயனின், பச்சையம் இன்னும் முழுசா வராத இலைக்கு அது வெயில்லேர்ந்து ஒரு பாதுகாப்பு.

இப்ப மல்லிக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச பகுதி இது. மரம் இலையைத் தானே உதிர்க்குது, குண்டுமல்லிக்கு அந்த வேலையை நாம செய்றோம், அதுக்குப் பேரு கவாத்து. நவம்பர் கடைசியில தரையிலேர்ந்து சுமார் அரை மீட்டர் உயரம் விட்டு மிச்சத்தை வெட்டிடுவாங்க. அந்தக் குளிர் மாசங்கள்ல மதுரையில மல்லி கிலோ ஆயிரக்கணக்குல போகுறப்ப செடியெல்லாம் வெறும் குச்சியா நிக்கும், பங்குனியில பாத்தா கூடை கூடையா வரும், ஏன்னா மல்லி பூக்குறது புதுக்கிளையில தான்.

வெட்டினா ஏன் துளிர்க்குது? நுனி ஆக்சினை கீழ அனுப்பி பக்க மொட்டுங்களை அடக்கி வைக்குது, நுனி போனா அடக்குமுறை போகுதுன்னு தான் நாம ஸ்கூல்ல படிச்சோம். அது பொய்யில்ல, ஆனா முழுசும் இல்ல. ஆக்சின் தண்டுல மணிக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் தான் நகரும், மொட்டு அதுக்கு முன்னாடியே வளர ஆரம்பிச்சிடுதே? 2014-ல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆட்கள் பட்டாணிச் செடியில பாத்தது என்னன்னா, நுனியை வெட்டின உடனே அது இழுத்துக்கிட்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுங்களுக்குத் திரும்புது, அது தான் முதல் உசுப்பு. நுனியை வெட்டாமலே சர்க்கரை கொடுத்தப்பவும் மொட்டு கிளம்புச்சு. ஆக, மொட்டு செத்தும் போகல, தூங்கவும் இல்ல, பட்டினி.

எழுதாம இருந்த மாசங்களை நான் சோம்பேறித்தனம்னு தான் நினைச்சுக்கிட்டிருந்தேன், இந்த பட்டாணிக் கதையைப் படிச்சதும் அது அவ்வளவு சரியா படல. நாள் பூரா ஆபீஸும் போனும் இழுத்துக்கிட்டா மிச்சத்துக்கு என்ன வரும். எழுத்து கையை விட்டுப் போயிடுச்சோன்னு பயப்படுறவங்களுக்கு ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரரைச் சொல்லலாம், 1885-ல தன் மேலயே சோதனை பண்ணி வெளியிட்டவர். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, ஒரு மாசம் விட்டு திரும்ப படிச்சப்பவும் முதல் தடவை ஆன நேரத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு மிச்சமாச்சு. அர்த்தமே இல்லாத அசைக்கே அப்படின்னா, ஆயுசு பூரா பேசி எழுதின பாஷை அதை விட ஆழமா தான் இறங்கியிருக்கும்னு நான் நம்புறேன், நிரூபிக்க மாட்டேன்.

கட்டுரையைப் படிச்ச உற்சாகத்துல இப்பவே கத்தரியோட மல்லிகிட்ட போயிடாதீங்க. இப்ப நுனியில இருக்குறதெல்லாம் பூக்கப்போற மொட்டு. பூ ஓஞ்ச கிளையோட நுனியை மட்டும் லேசா கிள்ளி விட்டா பக்கத்துலேர்ந்து இன்னொரு சுத்து வரும், பெரிய வெட்டை நவம்பருக்கு வச்சுக்கலாம்.