பிரசவம் முடிந்த பிறகான இரண்டு மணி நேரம்: மாணவச் செவிலியரை அவசர நிலைக்குத் தயார்ப்படுத்துதல்

குழந்தை அழுதுவிட்டது, நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது, தையலும் முடிந்தது என்றால் பிரசவ அறையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும். மூத்த செவிலியர் அடுத்த கட்டிலுக்குப் போவார். மருத்துவரை அறுவை அரங்கிலிருந்து அழைப்பார்கள். வெளியே உறவினர்கள் குழந்தை யாருடைய சாடை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் தாயின் அருகில் நிற்பவள் பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயது மாணவிதான். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு தொடங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

பாளையங்கோட்டையில் மகப்பேறு செவிலியம் கற்பித்துவரும் அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: அவசர நிலையை முதலில் பார்க்கப்போகிறவள் மாணவி என்று வைத்தே நம்முடைய பயிற்சி அமைய வேண்டும். "நீ பார்த்துக் கற்றுக்கொள், வேலையைப் பெரியவர்கள் செய்வார்கள்" என்ற பழைய முறை போதாது.

நல்ல செய்தி ஒன்றே இதில் ஒரு சிக்கலையும் உண்டாக்கியிருக்கிறது. மாதிரிப் பதிவு முறையின் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54. சிக்கலான கர்ப்பிணிகள் முன்கூட்டியே சீமாங் மையங்களுக்கு, அதாவது அவசர மகப்பேறு சிகிச்சை மையங்களுக்கு, அனுப்பப்படுவதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெறும் மாணவி ஒரு கடும் ரத்தப்போக்கையோ, ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பையோ கண்ணால் காணாமலேயே படிப்பை முடித்துவிட முடியும். மறு ஆண்டே அவள் இரவுப் பணியில் தனியாக நிற்பாள். ஆகவே காணாததைக் காட்டும் ஒத்திகை அவளுக்குக் கட்டாயம் வேண்டும்.

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. வரை ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்திருக்கும் ரத்தக் குழாய்களைக் கருப்பைத் தசை இறுகித்தான் மூடுகிறது. அது தளர்ந்துபோனால் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் ஏழாம் மாதம் வரை மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களில் ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று வருகிறவர்கள் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். மற்றொரு பெண் தாங்கிக்கொள்ளும் இழப்பை இவர்களுடைய உடல் தாங்காது.

ரத்தத்தின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவதில்தான் முதல் தவறு நேர்கிறது. நம் ஊரில் பிரசவத்துக்கு வரும்போது வீட்டிலிருந்து பழைய நூல் சேலைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவருவார்கள். நூல் சேலை எவ்வளவு குடிக்கும் என்பது பார்வைக்குத் தெரியாது. கேசரிப் பவுடரும் கொஞ்சம் டீ டிகாஷனும் கலந்த தண்ணீரை 600 மி.லி. அளந்து, நான்காக மடித்த ஒரு சேலையில் ஊற்றி, மாணவிகளிடம் அளவு கேட்பேன். "இருநூறு", "இருநூற்றைம்பது" என்பார்கள். பிறகு தராசில் வைப்போம். நனைந்த சேலையின் எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லி லிட்டர். தராசு முள்ளைப் பார்த்த முகங்கள் மாறும். அன்று முதல் அவர்கள் துணியைக் கண்ணால் மட்டும் பார்க்க மாட்டார்கள், தூக்கிப் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 500 மி.லி. ஆகும்வரை காத்திராமல், 300 மி.லி. இழப்போடு நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ இயல்பு மாறினாலே சிகிச்சையைத் தொடங்கச் சொல்வதால், இந்த அளவறிவுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

அடுத்து நான் சொல்வது என் தவறு. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, தெற்கே ஒரு மருத்துவமனையில் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். பயிற்சி மாணவி ஒருத்தி அருகில் வந்து, "சிஸ்டர், துணி நனைஞ்சுக்கிட்டே இருக்கு" என்று மெல்லச் சொன்னாள். நிமிர்ந்து பார்க்காமலேயே "வர்றேன்" என்றேன். பத்து நிமிடம் கழித்து அவள் மறுபடியும் வந்து நின்றாள், ஆனால் பேசவில்லை. நான் எழுந்து போனபோது அந்தத் தாய் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள், உதடு வெளுத்திருந்தது, நாடி 130. "கண்ணக் கட்டிக்கிட்டு வருதும்மா" என்றாள். மூன்று யூனிட் ரத்தம் ஏற்றித்தான் அவளை மீட்டோம். அந்த மாணவி முதலிலேயே சரியாகக் கண்டுபிடித்திருந்தாள். அவளுக்குக் குரல் எழவில்லை, எனக்குக் காது கேட்கவில்லை.

எனவே, மருந்தின் அளவைப் போலவே குரலையும் நாங்கள் பயிற்றுவிக்கிறோம். "சந்தேகமாக இருக்கிறது", "கொஞ்சம் வந்து பாருங்கள்" என்ற சொற்களுக்கு ஒத்திகையில் இடமில்லை. "மூன்றாம் கட்டில் தாய்க்கு ரத்தப்போக்கு, நாடி 120, இப்போதே வாருங்கள்" என்று அறை முழுவதும் கேட்கச் சொல்ல வேண்டும். அதிர்ந்து பேசாதே என்று கேட்டே வளர்ந்த பெண்களுக்கு இது எளிதன்று. ஐந்தாறு ஒத்திகைகளுக்குப் பிறகுதான் குரல் வெளியே வருகிறது. அழைத்துக்கொண்டே அவள் கை கருப்பையைத் தேய்த்து இறுக்க வேண்டும். வந்தவர்களில் ஒருவர் கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின், ஒருவர் ரத்த உறைவு கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், ஒருவர் பெரிய வென்ஃப்ளான் (நரம்பில் ஏற்றும் குழாய்) வழியாகத் திரவம் என்று ஒரே வேளையில் தொடங்க வேண்டும். ஒன்று பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வழக்கம் உயிரை வாங்கும். டிரனெக்ஸாமிக் அமிலம் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் போனால்தான் பயன் தரும். அதற்குள்ளும் தாமதிக்கத் தாமதிக்கப் பயன் குறைகிறது.

இந்த ஒத்திகையில் மூத்த செவிலியரும் நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆய்வுக்கூடத்துப் பொம்மையிடம் மட்டும் பழகியவள் உண்மையான அறையில் தடுமாறுவாள். ஓர் இடத்தில் இரவு ஒத்திகை நடத்தியபோது, ஆக்ஸிடோசின் இருந்த குளிர்பெட்டியின் சாவி பகல் பணி முடித்துப் போன பொறுப்புச் செவிலியரின் கைப்பையில் இருப்பது தெரிந்தது. அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பது மாணவிகள் அனைவருக்கும் மனப்பாடம். சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வலிப்புக்கும் இதே போன்ற கைப்பழக்கம் வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் கொடுக்கும் முதல் தவணை மக்னீசியம் சல்பேட், ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் 10 கிராம். ஓர் ஆம்பூலில் 1 கிராம்தான் இருப்பதால் பத்து ஆம்பூல்களை உடைத்தாக வேண்டும். நடுங்கும் கையால் உடைத்தால் கண்ணாடி விரலைக் கிழிக்கும். காலாவதியான ஆம்பூல்களைச் சேர்த்துவைத்து, கழுத்தில் பஞ்சைச் சுற்றி உடைத்துப் பழக்குகிறோம். அதற்குள் உறவினர் ஒருவர் இரும்புச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து தாயின் கையில் திணிப்பார், இன்னொருவர் வாயில் கரண்டியை வைக்கப் பார்ப்பார். அவர்களைத் திட்டாமல், "நீங்க தலைப்பக்கம் வாங்கம்மா, இப்படி இடப்பக்கமா ஒருக்களிச்சுப் பிடிச்சுக்கோங்க" என்று வேலை கொடுத்து விலக்குவதையும் சேர்த்தே நடித்துப் பார்க்கிறோம். அடுத்த தவணைக்கு முன் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி. போகிறதா என்று பார்க்க வேண்டும். மக்னீசியம் மிகுந்துவிட்டால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுகோனேட் அதே ட்ரேயில் இருக்க வேண்டும்.

தீவிர சிகிச்சை என்றதும் மாணவிகளின் நினைவுக்கு வருவது வென்டிலேட்டர். ஆனால் அந்தக் கண்காணிப்பு சாதாரணக் கட்டிலருகிலேயே, முதல் இரண்டு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைப் பிடித்து நாடி எண்ணுவதில் தொடங்கிவிடுகிறது. இளம் தாய்மாரின் உடல் நெடுநேரம் ஈடுகொடுக்கும். ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே நாடி ஏறிவிடும். நாடித்துடிப்பை மேல் ரத்த அழுத்தத்தால் வகுத்து 0.9க்கு மேல் வந்தால் தயங்காமல் குரல் கொடுக்க வேண்டும். 110 நாடியும் 110 அழுத்தமும் தனித்தனியே பார்த்தால் பரவாயில்லை என்றே தோன்றும். வகுத்தால் 1 வரும். மூச்சை எண்ணாமல் "20" என்று எழுதிவைக்கும் பழக்கத்தை நான் மன்னிப்பதில்லை.

காரையாறு மலையிலுள்ள காணி பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து ஒரு தாயை அம்பாசமுத்திரத்துக்கு இறக்கி, அங்கிருந்து 108 வண்டியில் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருவது நெடுவழி. அந்த வண்டியில் கருப்பையை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி வரும் செவிலியர், இறங்கியதும் எத்தனை மணிக்குப் பிரசவம், எவ்வளவு இழப்பு, எந்த மருந்து எப்போது கொடுத்தது, இப்போது நாடி என்ன என்று அரை நிமிடத்தில் ஒப்படைக்க வேண்டும். மாணவிகளை வண்டிக்குள் ஏற்றியே இதைப் பயிற்றுவிக்கிறோம். முதல் முறை எல்லோரும் பெயரையும் ஊரையும் சொல்லத் தொடங்குவார்கள். இப்போது "பிரசவம் இரண்டே கால் மணிக்கு, இழப்பு 900, ஆக்ஸிடோசின் போட்டாயிற்று, கருப்பை இன்னும் தளர்வு, ரத்தம் வேண்டும்" என்று தொடங்குகிறார்கள். ஊர்ப் பெயர் அப்புறம் வருகிறது.