படத்தைத் திருப்பிப் பாருங்கள்: பழைய கிறிஸ்துமஸ் மரச்செதுக்குகள் வாங்குவதற்கு முன்

போன டிசம்பர் முதல் வாரம். ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒரு கண்ணாடிப் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி என் வேலையறைக்கு எடுத்து வந்தார்கள். டொராண்டோவில் இருக்கும் மகள் இணையத்தில் வாங்கி அனுப்பியதாம். மேசைமேல் ஒரு கிறிஸ்துமஸ் மரம், கிளையெல்லாம் மெழுகுவத்தி, உச்சியில் ஒரு தேவதை. சுற்றிலும் விக்டோரியா ராணி, கணவர் ஆல்பர்ட், பிள்ளைகள். மரத்துக்குப் பச்சை, உடைகளுக்கு நீலமும் சிவப்பும்.

"1848 ஒரிஜினல், தம்பி. கையால கலர் குடுத்தது. ஓரத்துல பழுப்பு ஏறுது, அதான் கொண்டு வந்தோம்" என்றார் டீச்சரம்மா.

நான் படத்தைப் பார்க்கவில்லை. பின்னட்டையைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

பழைய காகிதங்களைச் சீர்செய்து பாதுகாப்பது என் தொழில். ராமபாணப் பூச்சி அரித்த பத்திரங்கள், மழையில் நனைந்த குடும்ப பைபிள்கள், மடிப்பில் பிளந்த வரைபடங்கள் என்று வருடம் முழுக்க ஓடும். நவம்பர் முடிந்தால் இந்த வகைப் படங்களும் வர ஆரம்பித்துவிடும். பனியில் சறுக்குகிறவர்கள், கிறிஸ்துமஸுக்கு எரிக்க அடுப்புக்கு இழுத்துவரும் பெரிய 'யூல்' கட்டை, வீடு வீடாக வேடம் போட்டு வரும் நாட்டுப்புறக் கூத்தாடிகள், புட்டிங் கிண்டும் குடும்பம், புகைபோக்கிப் பக்கத்தில் தொங்கும் காலுறைகள். எல்லாம் 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து, அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குகள். அழகானவைதான். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். அதில்தான் வம்பு.

பின்பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், இந்தப் படங்கள் பிறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுத்துச் செதுக்குவது மரவெட்டு. அது பழைய கலை. நார் ஓடும் திசை குறுக்கே வந்தால் நுணுக்கமான கோடு உடைந்துபோகும். மரச்செதுக்கு வேறு. கறிக்கடையில் புளியமரத்தின் அடியைக் குறுக்காக அறுத்து வெட்டுக்கட்டையாகப் போட்டிருப்பார்கள் அல்லவா, அதுபோல மரத்தைக் குறுக்காக அறுத்த முகத்தில் செதுக்குவது. கத்தி எந்தத் திசையில் போனாலும் நார் தடுக்காது. பாக்ஸ்வுட் என்ற இறுகிய மரத்தை எடுத்து, உலோகத்தில் செதுக்கப் பயன்படும் கூர் உளியால் மயிரிழைக் கோடுகளைச் செதுக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூகாசிலைச் சேர்ந்த தாமஸ் பெவிக் இதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தார்.

கலையைவிடப் பெரிய லாபம் ஒன்று அச்சகத்தில் கிடைத்தது. செம்புத் தகட்டில் செதுக்கிய படத்துக்குத் தனி எந்திரம் வேண்டும், தனித் தாள் வேண்டும். மரக்கட்டையில் அப்படியில்லை. கட்டையை அச்செழுத்தின் உயரத்துக்கே அறுத்துவிட்டால், எழுத்தோடு எழுத்தாகச் சட்டத்தில் முடுக்கி ஒரே அழுத்தில் அடித்துவிடலாம். நம் ஊர் பழைய அச்சகங்களில் 'பிளாக்' வைத்துக் கம்போஸ் செய்த பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1842 மே 14 அன்று லண்டனில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வாரப் பத்திரிகை தொடங்கியது இந்த வசதியை நம்பித்தான். முதல் இதழே 26,000 பிரதிகள் விற்றது.

ஆகவே இவை ஓவியங்கள் அல்ல, செய்தித்தாளின் பக்கங்கள். செய்தித்தாள் என்றால் பின்னாலும் ஏதாவது இருக்கும். பாதியில் நிற்கும் கட்டுரை, இன்னொரு படம், சில சமயம் விளம்பரம். பெரிய படங்களையும் சிறப்பு இணைப்புகளையும் பின்பக்கம் வெறுமையாக விட்டு அச்சிட்டதும் உண்டு; அதனால் வெறும் பின்பக்கத்தைப் பார்த்ததுமே போலி என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஆனால் எழுத்து இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அசல் மரச்செதுக்கில் கோடு கோடாகவே இருக்கும். சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது; நெருக்கமான கறுப்புக் கோடுகளும் இடையில் விட்ட வெள்ளையும் சேர்ந்துதான் நிழல் ஆகின்றன. அழுத்தத்தில் மை பிதுங்கிக் கோட்டின் ஓரம் நடுவைவிடச் சற்றுக் கறுத்திருக்கும். தாளைச் சாய்த்து விளக்கில் பிடித்தால் பின்புறம் லேசான புடைப்புத் தெரியலாம். நவீனப் பிரதியாக இருந்தால் லென்ஸுக்கு அடியில் புள்ளிகள்: வரிசையாக நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு, இல்லையென்றால் சாரல் தெறித்தது போல. தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்கிய தாளில் வந்த புள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். வாசனைகூட வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இன்னொன்று. பாக்ஸ்வுட் பருத்து வளராத மரம். பத்திரிகைப் பக்கம் முழுக்க ஒரு படம் வேண்டுமென்றால் சின்னச் சின்னக் கட்டைகளைச் சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்க வேண்டும். படத்தை வரைந்த பிறகு திருகைக் கழற்றி, ஆளுக்கொரு கட்டையாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் மரத்தின் இலையைச் செதுக்குவார், இன்னொருவர் ஒரு குழந்தையின் அரை முகத்தை. இரவோடு இரவாக வேலை முடிந்து, மறுபடி முடுக்கி அச்சுக்குப் போகும். மூட்டு சரியாகப் பொருந்தாத இடத்தில் படத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நேராக ஓடும். வாங்கியவர்கள் அதை மடிப்பு என்று நினைத்து 'சரிசெய்ய முடியுமா' என்று கேட்பார்கள். சரிசெய்யவே கூடாத கோடு அது. (பிரதி எடுத்தால் அந்தக் கோடும் சேர்ந்தே வரும், அதனால் லென்ஸைக் கீழே வைக்காதீர்கள்.)

சரி, போலி அசல் விஷயம் இதோடு போகட்டும். அசலை வாங்கியவர்களும் இழப்பது ஒன்று உண்டு. படம் மட்டும் போதும் என்று தலைப்பையும் தேதியையும் சேர்த்து வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் என் நண்பர் ஒருவர் தன் சபை வாலிபர்களின் கீத பவனிக்குத் துண்டறிக்கை அடித்தார். இணையத்தில் எடுத்த பழைய சாந்தா படம், அதாவது கிறிஸ்துமஸ் தாத்தா. பனிமானும் சறுக்குவண்டியும் இருக்கின்றன, பரிசுப் பெட்டி திறக்கும் சிறுவன் இருக்கிறான், தூரத்தில் வழுக்குமரம்கூட ஏறுகிறார்கள். அறிக்கை விநியோகமான பிறகு ஒரு பாட்டி கேட்டாராம்: "அந்தத் தாத்தா கையில என்ன, தூக்குல தொங்குதே?"

பாட்டியின் கண்ணுக்கு ஒரு கும்பிடு. அது அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட் வரைந்தது. 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்ற அமெரிக்க வார இதழின் 1863 ஜனவரி 3 தேதியிட்ட அட்டைப் படம். அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். சாந்தா நட்சத்திரம் போட்ட மேலங்கியும் கோடு போட்ட காற்சட்டையுமாக வடக்குப் படையின் முகாமுக்கு வந்திருக்கிறார். அவர் கையில் கழுத்தில் கயிறோடு ஆடும் பொம்மை, தெற்குக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ். இதழின் உள்ளே விளக்கமும் இருக்கிறது. அதே இதழில் நாஸ்ட் வரைந்த இன்னொரு படத்தில் ஒரு மனைவி வீட்டில் ஜெபிக்கிறாள், கணவன் முகாமில் தீக்கு அருகே தனியாக உட்கார்ந்திருக்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எந்த மாதிரி கிறிஸ்துமஸ் என்பது புரியும். வெட்டி எடுத்த சாந்தா வெறும் தாத்தா ஆகிவிடுகிறார்.

தேதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வாரப் பத்திரிகைகள் அட்டையில் போட்ட தேதிக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். ஹார்ப்பர்ஸின் கிறிஸ்துமஸ் படங்கள் பல ஜனவரித் தேதியில் இருப்பது அதனால்தான். வின்ஸ்லோ ஹோமர், பின்னாளில் கடலோவியங்களால் பெயர் பெற்றவர், 1861 கிறிஸ்துமஸுக்கு வீட்டிலிருந்து வந்த பெட்டிகளைச் சிப்பாய்கள் பிரிப்பதை வரைந்தார். இதழின் தேதி 1862 ஜனவரி 4. 'தேதி பொருந்தவில்லையே' என்று மேல் ஓரத்தை வெட்டிவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவர், பாவம்.

டீச்சரம்மாவின் படத்துக்கு வருகிறேன். வின்ட்சர் கோட்டையின் அந்த மரம் 1848 டிசம்பரில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இணைப்பில் வந்தது. ஆல்பர்ட்தான் இங்கிலாந்துக்கு கிறிஸ்துமஸ் மரத்தைக் கொண்டுவந்தார் என்று விற்பவர்கள் எழுதுவார்கள். உண்மையில் மூன்றாம் ஜார்ஜின் மனைவி ஷார்லட் ராணி 1800லேயே வின்ட்சரில் மரம் வைத்திருக்கிறார். ஆனால் நடுத்தர வீடுகளுக்குள் அந்த ஆசையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1850 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற பெண்கள் இதழ் இதே படத்தை எடுத்துப் போட்டது. ராணி தலையிலிருந்த சிறு மகுடம் இல்லை. ஆல்பர்ட்டின் மீசை இல்லை, மார்பின் குறுக்கே இருந்த அரச பட்டையும் இல்லை. மரமும் மேசையும் பிள்ளைகளும் அப்படியே. அமெரிக்க வாசகர்களுக்கு அது யாரோ ஒரு வசதியான அமெரிக்கக் குடும்பம். இன்று சந்தையில் இந்த இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று மாறி விற்கின்றன. மீசையைப் பாருங்கள். மீசை இல்லாத 'ஆல்பர்ட்' என்றால் அது அமெரிக்கப் பிரதி.

வண்ணம் பற்றி ஒரு வார்த்தை. 1848இல் அந்த லண்டன் பத்திரிகை கறுப்பில்தான் அச்சானது. அதன் பக்கங்களில் நீங்கள் காணும் நீர்வண்ணம் பெரும்பாலும் பிற்காலத்தில், பிரேம் போட்டு விற்பதற்காகத் தீட்டியது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் 'அந்தக் காலத்து வண்ணம்' என்று விலை ஏற்றினால் தவறு. 1855 கிறிஸ்துமஸுக்கு அதே பத்திரிகை மரக்கட்டைகளிலேயே வண்ணத்தில் அச்சிட்டது, அது தனிக் கதை. முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை என்று சொல்லப்படும் 1843ஆம் ஆண்டு ஹென்றி கோலின் அட்டையையும் மரச்செதுக்குப் பட்டியலில் சேர்த்து விற்கிறார்கள். அது கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிட்டது; அதற்குத்தான் அன்றே கையால் வண்ணம் கொடுத்தார்கள்.

'அபூர்வம்' என்ற சொல்லையும் நம்பாதீர்கள். ஆயிரக்கணக்கில், சில நேரம் லட்சக்கணக்கில் அடித்த பத்திரிகைகள் இவை. பைண்ட் செய்த பழைய தொகுதி ஒன்றைப் பிரித்துப் பக்கம் பக்கமாக விற்றால் தொகுதியின் விலையைவிடப் பல மடங்கு கிடைக்கும், அதனால் பிரித்துவிடுகிறார்கள். முழு இதழாகக் கிடைத்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது அதையே வாங்குங்கள். தொகுதி கையில் இருந்தால் தயவுசெய்து கத்தி வைக்காதீர்கள்.

வீட்டில் வைத்திருப்பதற்கு நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது கொஞ்சம்தான். லேமினேஷன் வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க எனக்குத் தெரிந்து நல்ல வழி கிடையாது. செல்லோடேப் வேண்டாம், பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகத் தங்கிவிடும். கிழிசலை நாங்கள் ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து ஒட்டுகிறோம், தேவைப்பட்டால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். பிரேம் கடையில் அமிலமில்லாத மவுன்ட் அட்டை (பிரேமுக்குள் படத்தைப் பொருத்தும் அட்டை) கேளுங்கள். தாளின் முகம் கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி வேண்டும். 1860களுக்கு முந்தைய பத்திரிகைத் தாள் பெரும்பாலும் பழந்துணிக் கூழில் செய்தது, நீங்கள் நினைப்பதைவிடத் திடமானது. நூற்றாண்டின் கடைசியில் வந்த மரக்கூழ்த் தாள்தான் வெயில் பட்டால் அப்பளமாக நொறுங்கும். கறுப்பு மை வெளுக்காது, பிற்கால நீர்வண்ணம் வெளுக்கும். சென்னைச் சுவரில் மாட்டுவதென்றால் வெளிச்சுவர் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் பின்னாலிருந்துதான் வரும்.

படம் மட்டுமே வேண்டும், துண்டறிக்கைக்கோ அட்டைக்கோ என்றால் காசே கொடுக்க வேண்டாம். நாஸ்ட் 1902இல் இறந்தார், ஹோமர் 1910இல். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை, படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள்வரைதான். பிரிட்டிஷ் நூலகம் 2013 டிசம்பரில் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. அங்கேயும் படங்களைப் பக்கத்திலிருந்து தனியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்ற விவரம் கூடவே வரும். பதிவிறக்கும்போது அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிகள் கேட்பார்கள்.

டீச்சரம்மாவின் படத்தின் பின்பக்கம் சுத்த வெள்ளை. லென்ஸில் பார்த்தால் ராணியின் நீல உடை முழுக்கப் புள்ளிகள். ஓரத்துப் பழுப்பு வயதால் வந்ததல்ல, மலிவான மவுன்ட் அட்டையின் அமிலத்தால். லென்ஸை அவர்களிடமே கொடுத்தேன். சார் பார்த்தார், டீச்சர் பார்த்தார், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"அவகிட்ட சொல்லிக்க வேண்டாம்" என்றார் டீச்சர், சாரைப் பார்த்து.

அட்டையை மாற்றி மறுபடி பிரேமில் பொருத்தினேன். மூடுவதற்கு முன் பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலால் எழுதினேன்: 'லண்டன் பத்திரிகையில் 1848இல் வந்த படத்தின் பிற்காலப் பிரதி.' டீச்சர் எட்டிப் படித்தார். "எம்பொண்ணு அனுப்பினதுன்னும் சேத்து எழுதிடுங்க தம்பி, வருஷம் போட்டு" என்றார். எழுதினேன்.