கன்னத்து வெண்படலம் தரும் அவகாசம்

சென்னை காசிமேட்டில் மீன் கூடையோடு அமர்ந்திருக்கும் மூதாட்டியைச் சற்று நேரம் கவனித்தால், வெற்றிலை, பாக்கு, புகையிலை உருண்டை எப்போதும் ஒரே பக்கக் கன்ன மடிப்பில் அடங்கியிருப்பது தெரியும். நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவதும் அந்த மடிப்பில்தான். புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் என்ற வேதிப்பொருள்கள் அங்குள்ள செல்களின் மரபணுக்களைச் சிதைக்கின்றன. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், வாயின் உட்தோலுக்கு அடியிலுள்ள திசுவில் கொலாஜன் என்ற புரத நார்களை அளவுக்கு மீறிச் சேரவைக்கிறது. அதனால்தான் முதலில் ரசம்கூட எரிகிறது, பிறகு வாய் மெல்லச் சுருங்குகிறது. மூன்று விரல்களை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியாதவர் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட முடிவு. பாக்கைத் தீங்கற்றதாகக் கருதும் வீடுகள்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துகின்றன.

புற்று உருவாகும் முன் பல ஆண்டுகள், துடைத்தாலும் போகாத ஒரு வெண்படலம் வலியே இல்லாமல் இருக்கக்கூடும். வலி இல்லாததால் யாரும் காட்டுவதில்லை. எல்லா வெண்படலமும் புற்றாவதில்லை. செந்நிறப் படலமே அதிக ஆபத்தானது. எந்த இடத்தைச் சோதிப்பது என்பதைக் காட்ட, டொலுயிடின் நீலம் என்ற சாயத்தைத் தடவி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் கொப்பளிக்கச் செய்கிறார்கள். இச்சாயம் மரபணுப் பொருளோடு ஒட்டுவது. மாற்றமடைந்த செல்களில் அப்பொருள் மிகுந்தும், செல்களுக்கிடையே இடைவெளி அகன்றும் இருப்பதால், அப்பகுதி மட்டும் கருநீலமாகத் தங்கிவிடும். ஆனால் பல் குத்திய சாதாரணப் புண்ணும் நீலமாகும். எனவே கூரான பல்லைச் சரிசெய்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். ஆறாத புண்ணிலிருந்து சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே இறுதி முடிவைத் தரும். மாறிய செல்கள், மேல்படலத்தையும் அடியிலுள்ள திசுவையும் பிரிக்கும் மெல்லிய அடித்தளச் சவ்வுக்கு மேலேயே நிற்கின்றனவா, அதைத் துளைத்துப் பரவும் புற்றாகிவிட்டனவா என்பதுதான் அங்கு கேள்வி. கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலும் இச்சோதனைகளைச் செய்துகொள்ளலாம்.

இத்தனைக்கும் முதல் படி ஒரு டார்ச் விளக்குதான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வாயைப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2005-இல் வெளிவந்தன: புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உமிழ்நீரில் கலக்கும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு நோயைக் கண்டறியும் ஆய்வுகள் இப்போது நடக்கின்றன. என்றாலும், அவையும் திசுத் துண்டுச் சோதனைக்கு மாற்றாக இன்னும் வரவில்லை.