ஜனாஸாக்களை (இறந்த முஸ்லிம்களின் உடல்களை) எரித்த ஓர் ஒழுங்குவிதி

2020இல் கொவிட் பரவியபோது இலங்கை அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யவில்லை. செய்திருந்தால் அது நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும், மாதந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அரசு கையில் எடுத்தது 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். அதன்கீழ் அமைச்சரே ஒழுங்குவிதி ஆக்கி அரசிதழான வர்த்தமானியில் வெளியிடலாம்.

2020 ஏப்ரல் 11 வர்த்தமானி அப்படித்தான் வந்தது. கொவிட்டால் இறந்தவரின், அல்லது அவ்வாறு இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவரின் உடல் 800 முதல் 1200 பாகை செல்சியஸில் குறைந்தது 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் எரிக்கப்பட வேண்டும். இந்த விதிக்கு முடிவுத் தேதி இல்லை. உடலை அடக்கம் செய்ய வேண்டும் என்பதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு விதிவிலக்கும் இல்லை.

சொல்லப்பட்ட காரணம், புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பது. இந்த வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும். இறந்த உடலில் அது பெருகாது. அதன் கொழுப்பு உறை எளிதில் சிதைவது. முக்கியமாக மூச்சுவழியே பரவுவது. உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச்சிலேயே அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தது.

மத வழிபாட்டு உரிமையைப் பொதுச் சுகாதாரத்துக்காகக் கட்டுப்படுத்தலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் சர்வதேச மனித உரிமைச் சட்டம் இங்கே ஒரு கேள்வியை வைக்கிறது: இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வழி இருந்ததா? இருந்தது. கசியாத உறை, ஆழமான குழி, நீர்மட்டம் தாழ்ந்த நிலம், சடங்கில் சிலர் மட்டும். அதோடு, அரசியலமைப்பின் 15(7)ஆம் உறுப்புரை அந்த உரிமையைச் சட்டத்தால் மட்டுமே கட்டுப்படுத்தலாம் என்கிறது. அங்கே 'சட்டம்' என்பதில் அவசரகால நிலைக்குரிய பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளே சேர்க்கப்பட்டிருக்கின்றன. சுகாதார ஒழுங்குவிதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது விரிவாக விசாரிக்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. 2020 டிசம்பர் 1இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களைக் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது.

அதே மாதம், பிறந்து 20 நாளே ஆகியிருந்த ஒரு முஸ்லிம் குழந்தை பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. சில குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்க மறுத்தன. வைத்தியசாலைக்குப் போனால் எரித்துவிடுவார்கள் என்ற பயம் வந்துவிட்டால் காய்ச்சல்காரர் வீட்டுக்குள் ஒளிவார், தொற்றைத் தேடிப் பிடிக்க முடியாது. நோயைத் தடுக்க வந்த விதி நோய்க்கே மறைவிடம் கொடுக்கும்.

2021 பெப்ரவரி இறுதியில் விதி மாறி, அடக்கம் அனுமதிக்கப்பட்டது. ஆனால் இடத்தைத் தெரிவு செய்யும் அதிகாரம் அரசிடமே இருந்தது. முதலில் தமிழ் மீனவர்கள் வாழும் இரணைதீவைக் குறித்தார்கள். அங்கே எதிர்ப்பு எழுந்ததும் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி தெரிவானது. கொழும்பில் இறந்தவரையும் தீவின் குறுக்கே அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்.