வான்கப்பலை விண்கலம் ஆக்காதீர்கள்

நீராவிக் காலத்தில் நடப்பதாக எழுதப்பட்ட ஒரு சாகசத் தொடரைத் தமிழில் வாசித்தவர்கள் திருகோணமலையில் கொஞ்சப் பேர் இருக்கிறோம். சந்தித்தால் அதைப் பற்றித்தான் கதை. ஒருவருக்கு முதல் பாகம் போதும், இன்னொருவருக்கு மூன்றாம் பாகத்தில்தான் உயிர். இந்த வேறுபாடுகள் எப்போதும் இருப்பவை. ஆனால் ஒரு குறையை மட்டும் எல்லோருமே சொல்கிறார்கள்: "விண்கலம் என்கிறார்கள், பிறகு அது ஏன் காற்று திரும்பும்வரை காத்திருக்கிறது? விண்கலத்தை யாராவது கயிறு போட்டுக் கட்டுவார்களா?"

கேள்வி நியாயமானது. பழி மட்டும் தவறான ஆளின் மேல் விழுகிறது. கதாசிரியர் எழுதியது ஏர்ஷிப், அதாவது வாயுப் பையால் காற்றில் மிதந்து இயந்திரத்தால் ஓடுவது. மொழிபெயர்த்தவர் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விண்கலம் ஆக்கிவிட்டார்.

ஏர் என்றால் காற்று, ஷிப் என்றால் கப்பல். ஜெர்மன்காரரும் இதே பொருளில் 'லுஃப்ட்ஷிஃப்' என்கிறார்கள். பிரெஞ்சில் 'திரிஜாப்ல்', அதாவது செலுத்தக்கூடியது. காற்று இழுத்த பக்கம் போகும் பலூனிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தச் செலுத்தும் திறன்தான். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

பொருளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விமானம் பறப்பது இறக்கையால். ஓடிக்கொண்டே இருந்தால்தான் இறக்கை தூக்கும். ஏர்ஷிப்புக்கு அந்த அவசரம் இல்லை. அதன் வயிற்றில் ஹைட்ரஜனோ ஹீலியமோ இருக்கும். ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ, அதே அளவு ஹைட்ரஜன் 0.1 கிலோ கூட இல்லை. இந்த வித்தியாசம்தான் தூக்குகிறது. தண்ணீரை விலக்கிக் கப்பல் மிதப்பதைப்போல இது காற்றை விலக்கி மிதக்கிறது. ஆகவே கப்பல் என்ற பெயர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல, இயங்கும் விதத்தையே சொல்கிறது. 1937 மே 6ஆம் திகதி எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஏர்ஷிப் 245 மீட்டர் நீளம். அந்த நீளத்தில் ஒன்று அசையாமல் வானத்தில் நிற்பதை மனதில் கொண்டுவரச் சொல்லுக்குப் பலம் வேண்டும்.

நீராவியில் ஓடும் ஏர்ஷிப் வெறும் கற்பனை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1852 செப்டெம்பர் 24ஆம் திகதி ஆன்றி ஜிஃபார் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் மூன்று குதிரைவலு நீராவி இயந்திரம் பூட்டிய ஒன்றில் பாரிசிலிருந்து 27 கிலோமீட்டர் போனார். தீப்பொறி வாயுப் பைக்குப் போகாமலிருக்கப் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்திருந்தார். எதிர்க்காற்றை வென்று திரும்பிவர அந்த இயந்திரத்துக்கு வலு போதவில்லை. நம்மவர்கள் குறைசொன்ன "காற்றுக்குக் காத்திருக்கும்" காட்சி அவ்வளவு உண்மையானது.

இனி விண்கலத்துக்கு வருவோம். பழம்பாடல்களில் விண்ணும் வானும் ஒன்றையொன்று ஒட்டியே வரும், உண்மை. இன்றைய தமிழ் அவற்றைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டது. காற்று இருக்கும் வரைக்கும் வான்: வானூர்தி, வான்படை. காற்று முடிந்த இடத்திலிருந்து விண்: விண்வெளி, விண்கலம். இது நல்ல பிரிவினை, அரும்பாடுபட்டு வந்தது. காற்றில்லாமல் ஒரு கணமும் மிதக்க முடியாத ஒன்றுக்கு விண்கலம் என்று பெயர் வைத்தால் அந்தப் பிரிவினையைக் கலைக்கிறோம்.

அந்த ஒரு பிழை தனியாக நிற்பதும் இல்லை. விண்கலம் வந்ததும் மாலுமிகள் விண்வெளி வீரர்கள் ஆனார்கள். கப்பலைக் கட்டிவைக்கும் கம்பம் ஏவுதளம் ஆனது. பிறகு வாசகர் மனதில் ராக்கெட் எழும்பாமல் வேறென்ன எழும்பும்? இன்னொரு இடத்தில் "துறைமுகப் பக்கத்தில் தீ" என்று வருகிறது. ஆங்கிலத்தில் கப்பலின் இடப்பக்கத்துக்கும் துறைமுகத்துக்கும் சொல் ஒன்றே. நடு வானத்தில் துறைமுகம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். உலகமே அறிந்த துறைமுகம் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது கோபம் வருகிறது. கச்சான் காற்று எப்போது, வாடைக்காற்று எப்போது என்று தெரிந்த எந்தத் தோணிக்காரரிடம் கேட்டிருந்தாலும் சுக்கான், நங்கூரம், அணியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார். அகராதியைத் தட்டிப் பார்க்கிற மொழிபெயர்ப்பாளர்கள் தொழில் செய்கிற ஆட்களிடம் போவதே இல்லை.

"சனங்களுக்கு எல்லாம் ஒன்றுதான், பறந்தால் சரி" என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. எங்கள் சனங்களைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது. 2006இல் யுத்தம் நடந்தபோது சம்பூர், மூதூர்ப் பக்கம் இருந்தவர்களைக் கேளுங்கள். ஹெலி எது, கிபிர் போர் விமானம் எது என்று சத்தத்தை வைத்தே பெயர் சொன்னவர்கள் அவர்கள். பறப்பதைப் பிரித்துப் பெயர் சொல்வது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

சரி, எந்தச் சொல் வேண்டும்? விமானம் வேண்டாம். அது இறக்கை உள்ளதற்கு உறுதியாகிவிட்டது, கோணேசர் கோயிலில் கருவறைக்கு மேல் இருப்பதும் விமானம்தான். பறக்கும் கப்பல் என்றால் 1942இல் கொக்கலை வாவியிலிருந்து எழும்பிய கட்டலினா போன்ற பறக்கும் படகுகளோடு குழம்பும். அவை படகின் அடிவயிறு கொண்ட விமானங்கள்.

தனித்தமிழ் நண்பர்கள் வான்கலம் என்கிறார்கள். அவர்கள் உழைப்பில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கலம் என்பது பானை, நெல்லளவு, அணிகலன், மரக்கலம் எல்லாவற்றுக்கும் பொது. வான்கலம் என்ற அந்த அகலமான சொல்லை, விமானம், ஹெலி, பலூன், ஏர்ஷிப் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் 'ஏர்கிராஃப்ட்'டுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. கப்பலில் அவர்களுக்கு என்ன குறை? நம்மிடமிருந்து மலாய்க்குப் போய், அங்கே 'கபல் தெர்பாங்', பறக்கும் கப்பல், என்று விமானத்துக்கே பெயராகி நிற்கிற சொல் அது.

ஆகாயக் கப்பல் எனக்கு முழுச் சம்மதம், காதுக்கும் பழகியது. ஆனாலும் வான்படை, வானூர்தி என்ற வரிசையில் வான்கப்பல் இன்னும் நன்றாக அமர்கிறது. புறநானூற்றின் "வலவன் ஏவா வான ஊர்தி"யை இதற்கு இழுக்க வேண்டியதில்லை. செலுத்துபவன் இல்லாத ஊர்தி அது. வேண்டுமென்றால் அதே நூலில் கரிகாலனின் முன்னோனைச் சொல்லும் "வளிதொழில் ஆண்ட" என்ற தொடரைப் பாருங்கள். காற்றின் தொழிலைத் தன் ஏவலுக்குக் கொண்டுவந்து நாவாய் ஓட்டியவன். வான்கப்பல் செய்வதும் அதுதான்.

இப்படியான நீராவிக் காலக் கற்பனைக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள ஸ்டீம்பங்க் என்ற வகைப்பெயரைப் பற்றியும் கேட்கிறார்கள். 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற எழுத்தாளர் 'லோகஸ்' என்ற அறிவியல் புனைகதைச் சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தில், கணினிக் காலக் கதைகளுக்கு வழங்கிய சைபர்பங்க் என்ற பெயரைப் பார்த்து உண்டாக்கியது. ஒட்டி வந்த 'பங்க்'குக்குத் தனிப்பொருள் தேடி "நீராவிக் காடையர்" என்று ஒருவர் சொன்னார். காடையர் என்றால் 1983 இனக்கலவரம் ஞாபகம் வரும் நாட்டில் இப்படி ஒரு பெயரைச் சிறுவர் நூலட்டையில் போடலாமா? நீராவிப் புனைவு போதும்.

அடுத்த பதிப்பு வருமென்றால் விண்கலத்தை எடுத்து வான்கப்பலை வையுங்கள். ஏவுதளத்தைக் கட்டுகம்பம் ஆக்குங்கள், விண்வெளி வீரர்களை மறுபடி மாலுமிகள் ஆக்குங்கள். அதற்குப் பிறகும் கதை நம்பும்படி இல்லை என்று யாராவது சொன்னால், அப்போது கதாசிரியரைப் பற்றிக் கதைப்போம்.